பராமரிப்பவரும் மனைவியும் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டுமா?

கேள்வி:

எனக்கு 33 வயது. ஊர் கருங்கல் பக்கம். மார்த்தாண்டத்தில் நர்சிங் அசிஸ்டெண்ட் படித்துவிட்டு ஹோம் நர்ஸ் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாகத் திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில் தங்கி, 38 வயதுக்காரர் ஒருவரைக் கவனித்து வருகிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு வளைகுடாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். தண்டுவடம் டி10-ல் முழுமையாக அடிபட்டிருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. தொப்புளுக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லை. கல்யாணம் ஆகாதவர். வீட்டில் வயதான அம்மா மட்டும். அக்கா நாகர்கோவிலில் இருக்கிறார்.

யூரின் ட்யூப் மாற்றுவது, மலம் எடுப்பது, குளிப்பாட்டுவது, கட்டிலிலிருந்து வண்டிக்குத் தூக்குவது எல்லாம் நான்தான். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் படுக்க வைப்பேன். இத்தனை நாளில் படுக்கைப்புண் ஒன்றுகூட வந்ததில்லை. சம்பளம் அவர் கணக்கிலிருந்து வருகிறது. வீட்டுச் செலவுக்காக அவருடைய ஏ.டி.எம். கார்டும் என்னிடம்தான் இருக்கிறது.

ஒரு வருடமாக எங்கள் இருவருக்கும் பிரியம். அவர் சில நாள், “நீ போயிரு பிள்ளே, ஒனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா” என்கிறார். அடுத்த நாள் நான் கடைக்குப் போய்வரப் பிந்தினால் சாப்பிடாமல் கிடக்கிறார். அவருடைய அக்கா, “சொத்தக் கண்டுட்டுதான் அவ ஒட்டிட்டு நிக்கா” என்று பேசுகிறார். என் அம்மா, “பீயும் மூத்திரமும் அள்ளவா ஒன்னப் படிக்க வச்சேன்” என்று அழுகிறார். இது அன்பா, பரிதாபமா? கணவன் மனைவியாக வாழ முடியுமா? பிள்ளை பிறக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு விவரத்திலிருந்து தொடங்குகிறேன். அடிபட்டது டி10, அதாவது நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாவது இடம். அப்படியானால் அவருடைய இரண்டு கைகளும் தோள்களும் நெஞ்சும் முழு பலத்தோடு இருக்கின்றன. டி10-ல் அடிபட்ட, வேறு நோய் இல்லாத 38 வயதுக்காரர் முறையான பயிற்சி எடுத்தால் தானே சிறுநீர் எடுக்கலாம், தானே மலம் கழிக்கலாம், தானே குளிக்கலாம், கட்டிலிலிருந்து வண்டிக்குத் தானே மாறலாம், ராத்திரி தானே புரண்டு படுக்கலாம். கழுத்தில் அடிபட்டவர்களுக்குத்தான் இன்னொருவர் கை காலம் முழுக்க வேண்டியிருக்கும். நான்கு வருடமாகியும் இவர் இதில் எதையும் செய்யவில்லை என்றால், அவருக்கு ஆபரேஷன் நடந்தது, மறுவாழ்வுப் பயிற்சி நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். வெளிநாட்டில் அடிபட்டு, அங்கே கம்பி வைத்து, விமானத்தில் ஸ்ட்ரெச்சரில் ஊர் வந்து, நேராக வீட்டுக் கட்டிலுக்குப் போகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. அப்புறம் நீங்கள் வந்தீர்கள். மூன்று வருடம் ஒரு புண் வராமல் பார்ப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டதால், கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

காதலைப் பற்றிக் கேட்டால் இவர் ட்யூபைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது. அவர் உங்களை உண்மையாகவே போகச் சொன்னால், மறுநாள் காலையில் தன்னை யார் தூக்கி உட்கார வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் வேண்டாம் என்றால் சம்பளமும் போகும், தங்கும் இடமும் போகும். இரண்டு பேருமே மறுக்க முடியாத இடத்தில் நிற்கிறீர்கள். அந்த இடத்தில் நின்று சொல்லும் சம்மதத்தில் அன்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. யோசித்து யோசித்து விடை கிடைக்கவில்லை என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஏற்பாட்டை மாற்றினால்தான் விடை தெரியும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் கல்யாணம் செய்யலாம், நன்றாகவும் வாழலாம். ஆனால் இப்போதுள்ள நிலையிலிருந்து நேரே கல்யாணத்துக்குப் போகக் கூடாது. அதற்கு முன் அவர் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்க வேண்டும். நீங்கள் அந்த வீட்டில் சம்பளம் வாங்குவதை நிறுத்த வேண்டும். இதில் ஒரு வலி இருக்கிறது. அவர் கற்றுக்கொள்கிற ஒவ்வொரு காரியமும் உங்கள் கையைவிட்டுப் போகிற காரியம். அவர் முதன்முதலாகத் தானே வண்டியில் ஏறி உட்காருகிற அன்று சந்தோஷத்தோடு சேர்த்து, “இனி இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை” என்ற எண்ணமும் வரும். வந்தால் பயப்பட வேண்டாம், பயிற்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வேலைக்காக உங்களைத் தேடாதவர் அப்போதும் உங்களைத் தேடுகிறாரா என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டியது.

முதலில் சிறுநீர். இப்போது போட்டிருப்பது நிரந்தர ஃபோலி ட்யூப் என்று புரிகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினாலும், உள்ளேயே கிடக்கும் ட்யூபில் கிருமி குடியேறும், சிறுநீர்ப்பையில் கல் படியும், ஆணுறுப்பின் அடிப்பகுதியில் அழுந்திப் புண் வரும். கை நன்றாக உள்ளவருக்கு நல்லது, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ட்யூப் போட்டுச் சிறுநீரை எடுத்ததும் ட்யூபை உடனே வெளியே எடுத்துவிடும் முறை. இதற்கு மாறும் முன் யூராலஜி டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும். சிறுநீரக ஸ்கேன், கிரியாட்டினின், முடிந்தால் சிறுநீர்ப்பை அழுத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். சிலருக்குச் சிறுநீர்ப்பை தானாக இறுகி, அந்த அழுத்தம் மேலே சிறுநீரகத்தைத் தாக்கும். அவர்களுக்கு அதைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்த பிறகுதான் தொடங்குவார்கள். சிறுநீர்ப் பாதை சுருங்கியிருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். ஃபோலியை நீங்களாகவே எடுத்துவிட்டுப் பழக்க ஆரம்பிக்காதீர்கள்.

செய்முறை இதுதான். சோப்புப் போட்டுக் கை கழுவுவது. உறுப்பை சோப்புத் தண்ணீரால் துடைப்பது. முன்தோலைப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்வது. 12 அல்லது 14 அளவு சாதாரண நெலட்டான் ட்யூபின் முனையில் நாலைந்து அங்குலத்துக்கு ஜெல்லி தடவுவது. உறுப்பை வயிற்றுப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் வளைவு நேராகும். ட்யூபை மெதுவாகச் செலுத்தினால் ஏழு எட்டு அங்குலத்தில் சிறுநீர் வரும். வந்த பிறகும் ஒரு அங்குலம் உள்ளே விட வேண்டும். வழியில் தடுத்தால் அழுத்தக் கூடாது. பிடித்தபடியே நிறுத்தி, அவரை இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு விடச் சொன்னால் தசை விட்டுக்கொடுக்கும். அழுத்திக் குத்தினால் ரத்தம் வரும், சதையைத் துளைத்துப் பொய்ப்பாதை உண்டாகும். சிறுநீர் நின்றதும் மெல்ல வெளியே இழுக்க வேண்டும், நடுவில் மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கடைசியில் முன்தோலைக் கட்டாயம் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். உணர்ச்சி இல்லாதவருக்கு அது இறுகி வீங்கினாலும் வலி தெரியாது. பார்க்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை ஆகியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் அளந்து நோட்டில் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். ஒருமுறைக்கு 400 மில்லி அளவில் இருப்பது நல்லது. 500-ஐத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்துச் சமாளிக்கக் கூடாது. நாளுக்கு இரண்டு லிட்டர் வரை, பகலில் பரவலாகக் குடித்து, படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தலாம். கட்டன்காப்பியும் கஞ்சித் தண்ணியும் இந்தக் கணக்கில் சேரும். சிறுநீர் கலங்கலாக இருப்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டாம். ட்யூப் போடுகிறவர்களுக்கு அது அடிக்கடி இருக்கும். குளிர்காய்ச்சல், கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுப்பது, ட்யூப் போடும் நேரங்களுக்கு நடுவில் ஒழுகுவது ஆகியவை வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மலத்துக்கு நேரம்தான் மருந்து. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், காலைச் சாப்பாடு முடிந்து இருபது முப்பது நிமிடத்தில், படுக்கையில் இல்லாமல் கமோடு நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டும். சாப்பிட்டவுடன் குடல் தானாக நகரும், உட்கார்ந்தால் எடையும் கூட வேலை செய்யும். டி10-ல் அடிபட்ட பெரும்பாலோருக்கு ஆசனவாயின் அனிச்சைச் செயல் அப்படியே இருக்கும். கையுறை போட்டு ஜெல்லி தடவிய விரலை உள்ளே விட்டு, சுவரை ஒட்டி மெதுவாக வட்டமாக 15 முதல் 20 வினாடி சுற்றினால் குடல் தானே தள்ளும். ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி செய்யலாம். பக்கவாட்டில் திறப்பு உள்ள, மெத்தை வைத்த கமோடு நாற்காலி வாங்கினால் அவர் கையே எட்டும். உங்கள் அம்மாவின் அழுகைக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் கை அந்த வேலையில் இருக்க வேண்டியதில்லை. காய்ச்சல், ஆபரேஷன் என்று வரும் நாட்களில் செய்வீர்கள், எந்த மனைவியும் செய்வதுபோல.

தோல் விஷயத்தில் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கண் அவருக்கு வர வேண்டும். நீளக் கைப்பிடி போட்ட கண்ணாடி ஒன்று வாங்கி, காலையும் இரவும் தன் பின்புறத்தையும் குதிகாலையும் அவரே பார்க்கட்டும். வண்டியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்பக்கமாகக் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் பாரத்தை இறக்க வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தில் உட்கார வைக்காதீர்கள். சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சூடான காப்பி டம்ளரைத் தொடை நடுவில் வைத்துக்கொண்டு டி.வி. பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தொடை வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

வண்டிக்கு மாறுவதைப் பயிற்சியாளர் முன்னால்தான் பழக வேண்டும். கட்டிலும் வண்டி இருக்கையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிரேக் போட்டு, நடுவில் வழுக்குப் பலகை வைத்து, கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி நகர்த்துவது முறை. இழுத்து உரசினால் தோல் கிழியும். வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் ரோட்டுக்கு மேலேயோ கீழேயோ சரிவில் நிற்கும். சாய்தளம் கட்டினால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நாலு படிக்கு நாலடிப் பலகை போட்டுத் தள்ளினால் வண்டி பின்னால் கவிழும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், பாசி பிடிக்கும். தரை சொரசொரப்பாக இருக்கட்டும். கழிப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

இதையெல்லாம் வீட்டில் வைத்து நீங்களே சொல்லிக்கொடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்திலோ, பக்கத்தில் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்திலோ சில வாரம் தங்கிக் கற்றுக்கொள்வது நல்லது. அந்தச் சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர். அங்கெல்லாம் தன்னைப் போலவே அடிபட்ட இன்னொருவர் சர்வசாதாரணமாக வண்டியிலிருந்து கட்டிலுக்குத் தாவுவதைப் பார்ப்பது, யார் சொல்லும் ஆறுதலையும்விட அவருக்கு உதவும். நீங்கள் கூடப் போகாதீர்கள். அக்கா வீட்டு ஆண்பிள்ளை யாராவது போகட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவர் கை தானாக உங்களைத் தேடும், உங்கள் கையும் தானாக நீளும்.

அவர் பயிற்சிக்குப் போகிற அன்றே வேலையை விடுங்கள். ஏஜென்சி மூலம் வந்திருந்தால் அங்கும் முறையாக எழுதிக்கொடுங்கள். கடைசிச் சம்பளத்தை வங்கி வழியாக வாங்குங்கள். அதற்கும் முன்னால், இந்த வாரமே, அந்த ஏ.டி.எம். கார்டைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் போனில் அவர் கணக்கு இணைந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வங்கியில் ஒரு வருட ஸ்டேட்மென்ட் எடுத்து, வீட்டுச் செலவு எது, மருந்து எது, உங்கள் சம்பளம் எது என்று எழுதி, அம்மாவும் அக்காவும் இருக்கும்போது அவரிடம் கொடுங்கள். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அக்கா பேசுவது உங்களுக்குக் கசப்பாக இருக்கும். ஆனால் தம்பியின் நஷ்டஈட்டுப் பணம்தான் அவருடைய மீதி வாழ்க்கைக்கு முதல் என்று பயப்படுகிற அக்காவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. கணக்கை நீட்டிவிட்டால் அந்தப் பேச்சுக்குக் கால் இல்லாமல் போகும். நாமினி யார், உயில் எப்படி என்பதெல்லாம் அவருடைய முடிவு. அதில் நீங்கள் யோசனைகூடச் சொல்ல வேண்டாம். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும்.

அடுத்த மூன்று மாதம் நீங்கள் உங்கள் வீட்டில் இருந்து, வேறு இடத்தில் வேலை பாருங்கள். அவரைப் பார்க்கப் போங்கள், விருந்தாளியாக. போன இடத்தில் யூரின் பையைத் தொடாதீர்கள், படுக்கை விரிப்பைச் சரிசெய்யாதீர்கள். முதலில் கை துறுதுறுக்கும். பேசுவதற்கு விஷயமே இல்லாததுபோலவும் தோன்றும், ஏனென்றால் இத்தனை நாள் பேச்சில் பாதி மருந்தும் மலமும்தான். அதைத் தாண்டிப் பேச என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறை காரில் வெளியே போங்கள். புறப்படும் முன் அவர் சிறுநீர் எடுத்துவிட்டால் நான்கு மணி நேரம் கையில் இருக்கும். மெத்தை, இரண்டு ட்யூப், ஜெல்லி, மாற்று உடுப்பு, தண்ணீர் ஆகியவற்றை அவரே பையில் எடுத்து வைக்கட்டும். பத்மநாபபுரம் அரண்மனை மாதிரி செங்குத்துப் படி உள்ள இடத்தைத் தவிர்த்து, வண்டி உருளக்கூடிய கடற்கரைச் சாலையாகப் பாருங்கள். ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை உங்கள் இருவரையும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதும் இந்த மூன்று மாதத்தின் வேலை.

இனி நீங்கள் தயங்கிக் கேட்ட கேள்வி. டி10-ல் முழுமையாக அடிபட்டவருக்கு, நினைப்பாலோ பார்ப்பதாலோ வரும் விறைப்பு வராது, ஏனென்றால் மூளையின் செய்தி அடிபட்ட இடத்தைத் தாண்டாது. ஆனால் தொடுவதால் வரும் விறைப்பு கீழ்முதுகின் எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள நரம்புகளின் அனிச்சைச் செயல்; அது பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். ட்யூப் மாற்றும்போது நீங்களே கவனித்திருக்கலாம். அது ஆசையின் அடையாளம் என்று அப்போது நினைத்துச் சங்கடப்பட்டிருந்தால், அப்படி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். விறைப்பு நிற்காவிட்டால் சில்டெனாஃபில் மாத்திரை பலருக்கு வேலை செய்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடக் கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும். டாக்டர் அளவு சொல்லாமல் மருந்துக் கடையில் வாங்க வேண்டாம்.

உறவுக்கு முன்னதாகச் சிறுநீர் எடுத்துவிட வேண்டும், அன்று மலமும் கழித்திருந்தால் நல்லது. கால் வெட்டி இழுத்தால் அவசரப்படாமல் நிறுத்தி, முழங்காலை மெல்ல மடக்கிப் பிடித்தால் அடங்கும். முடிந்த பிறகு இடுப்பிலும் முட்டியிலும் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே அவருக்குத் தெரியாது. ஆனால் கழுத்து, காது, நெஞ்சு, உணர்ச்சி தொடங்குகிற எல்லைக்கோடு ஆகிய இடங்களில் தொடுதல் முன்பைவிடக் கூர்மையாகத் தெரிவதாகப் பலர் சொல்கிறார்கள். ஒரு பகுதி திரும்பி வராது. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் துரோகம். அவருக்கும் அந்தத் துக்கம் இருக்கும். “நீ போயிரு” என்று அவர் சொல்வதில் பாதி அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்களே அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை பிறக்க வழி இருக்கிறது. இயல்பாக விந்து வெளிப்படுவது இவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பதில்லை. டி10-லும் அதற்கு மேலும் அடிபட்டவர்களுக்கு மருத்துவ அதிர்வுக் கருவியால் வெளிப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. அது பலிக்காவிட்டால் மின்தூண்டலோ, விரையிலிருந்து விந்தணுவை ஊசியால் எடுத்து, அதை நேரே கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் கருவாக்குவதோ இருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் விந்தணுக்களின் ஓட்டம் குறைவாக இருப்பது தண்டுவடம் அடிபட்டவர்களில் வழக்கம். அதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். சிறுநீர்த் தொற்றை முதலில் சரிசெய்துவிட்டுப் பரிசோதியுங்கள். உங்களுக்கு 33 வயது, 35-க்குப் பிறகு கருமுட்டை வேகமாகக் குறையும். அதனால் கல்யாணம் முடிவானால் மகப்பேறு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கருத்தரிப்பு மையத்தில் பெரிய தொகை கட்டுவதற்கு முன்னால் அதிர்வுக் கருவி முயற்சி செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பல இடங்களில் அதைத் தாண்டி நேரே ஊசிக்குப் போய்விடுகிறார்கள்.

சடங்கு, பதிவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சில் என்றால் ஓலை வாசித்து, அதாவது சபையில் கல்யாண அறிவிப்பு வாசித்துச் செய்யுங்கள். இருவரும் வேறு வேறு மதம் என்றால், மதம் மாறாமலே 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்புக் கொடுத்துச் செய்யலாம். சர்ச்சிலோ கோயிலிலோ நடந்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். மாற்றுத்திறனாளியை மணப்பவருக்கு அரசின் திருமண உதவி உண்டு: 8 கிராம் தங்க நாணயமும் 25,000 ரூபாயும், பட்டமோ பட்டயமோ படித்திருந்தால் 50,000 ரூபாயும். அவருக்கு அடையாள அட்டை வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே நாகர்கோவில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் என்னென்ன காகிதம் என்று கேட்டுவிடுங்கள். மாதப் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறாரா என்றும் அப்படியே விசாரியுங்கள்.

கல்யாணம் ஆன கையோடு அந்த வீட்டில் முதலில் மிச்சம் பிடிக்கப்போவது ஹோம் நர்ஸ் சம்பளம். “நீதான் இருக்கியே” என்பார்கள். அன்பாகவே சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். பயிற்சிக்குப் பிறகு முழுநேர ஆள் தேவைப்படாது. காலையில் இரண்டு மணி நேரம் குளியலுக்கும் சுத்தத்துக்கும் ஒருவர் வந்தால் போதும்; அந்தச் செலவை வீட்டுச் செலவில் எழுதுங்கள், உங்கள் தலையில் ஏற்றாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். நீங்கள் வெளி வேலையை விடவும் வேண்டாம். வருடங்கள் போகப்போக வண்டி தள்ளித் தள்ளி அவர் தோள் தேயும், உங்கள் முதுகும் முன்போல இருக்காது. அன்றைக்குத் தேவைப்படும் உதவிக்கான பழக்கத்தை இன்றைக்கே வீட்டில் உண்டாக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றலாம். அவருக்கும் தோன்றலாம்: எழுந்து உட்காரத் தெரிந்தபின் அவர் பார்க்கும் உலகம் பெரிதாகும், அதில் நீங்கள் இருக்கும் இடம் மாறலாம். அப்படி ஆனால் நேரில் போய், பகலில், அவர் தனியாக இல்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். போனை எடுக்காமல் விட்டுத் தெரியவைக்காதீர்கள். அதன் பிறகு “ஒரு கண் பார்த்துக்கிறேன்” என்று வாரம் ஒருமுறை போகவும் வேண்டாம். இருவரையும் அது அறுக்கும். அவர் சாப்பிடாமல் கிடப்பது, செத்துப்போகலாம் என்று பேசுவது இருந்தால் அதை அன்பின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மனச்சோர்வு நோய் வருவது உண்டு, அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. நீங்கள் போனாலும் இருந்தாலும் அவர் மனநல டாக்டரை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு நாள் குறியுங்கள். பழைய ஆபரேஷன் ரிப்போர்ட், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அவர் மடியில் வையுங்கள். டாக்டர் அறைக்குள் அவர் மட்டும் போகட்டும். உள்ளே போனதும் டாக்டர் வழக்கம்போல உங்களைக் கூப்பிட்டு, “இவருக்கு என்ன பிரச்சினை” என்று கேட்பார். “அவரே சொல்வார், டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளி பெஞ்சில் உட்காருங்கள்.